நடுங்கிய கையில் ஒலிம்பிக் தீபம்: நோயுற்ற முகமது அலி மக்கள் முன் தோன்றிய 32 ஆண்டுகள்

1996-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி இரவு. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஒலிம்பிக் தொடக்க விழா இறுதிக் கட்டத்தை எட்டியிருந்தது. நான்கு ஒலிம்பிக் தங்கங்களை வென்ற நீச்சல் வீராங்கனை ஜேனட் எவன்ஸ், தீப்பந்தத்தை ஏந்தியபடி உயரமான மேடைக்கு ஏறி வந்தார். ஒலிம்பிக் கொப்பரையில் தீபம் ஏற்றப்போவது யார் என்பது அந்த நொடி வரை ரகசியமாக வைக்கப்பட்டிருந்தது. அப்போது வெள்ளை உடை அணிந்த ஒருவர் நிழலிலிருந்து மெல்ல முன்னே வந்தார். அரங்கில் ஒரு கணம் திகைப்பு. அடுத்த கணம் பேரொலி. வந்தவர் முகமது அலி.

எவன்ஸின் பந்தத்திலிருந்து தமது பந்தத்தைப் பற்றவைத்துக்கொண்ட அலி, அதை வலக்கையில் உயர்த்திப் பிடித்தார். இடக்கை கட்டுப்பாடின்றி நடுங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் உணர்ச்சியின் சாயல் ஏதுமில்லை. கொப்பரைக்குத் தீயைக் கொண்டுசெல்லும் திரி எளிதில் பற்றவில்லை. குனிந்து நின்ற அவரது கையருகே தீ நாக்குகள் எழுந்தன. அரங்கில் இருந்தோரும் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்த கோடிக்கணக்கானோரும் மூச்சை அடக்கிக் காத்திருந்தனர். அலி பின்வாங்கவில்லை. திரி பற்றியது; தீ மேலேறிக் கொப்பரையை அடைந்தது.

உலகின் மிக வேகமான ஹெவிவெயிட் வீரர் என்று புகழப்பட்ட ஒருவரை அவரது நோயுடன் உலகம் முழுமையாகக் கண்ட இரவு அது. அலி தொழில்முறைக் குத்துச்சண்டையில் இருந்தது 1960 முதல் 1981 வரை, 21 ஆண்டுகள். பார்க்கின்சன் நோய் உறுதி செய்யப்பட்ட பின் அவர் வாழ்ந்தது 32 ஆண்டுகள். நோயுற்ற முன்னாள் சாம்பியன்கள் பலர் பொதுவெளியிலிருந்து ஒதுங்கிவிடுவதே வழக்கம். பழைய வெற்றிகளின் உருவம் மக்கள் மனத்தில் கலையாதிருக்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அலி வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். அந்த முடிவு எதை மாற்றியது, எந்தக் கேள்விகளை எழுப்பியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

யார் இந்த முகமது அலி?

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் 1942 ஜனவரி 17 அன்று பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காசியஸ் கிளே. 12 வயதில் அவரது மிதிவண்டி திருடுபோனது. திருடனை அடித்து நொறுக்கப் போவதாகக் கொதித்த சிறுவனிடம், முதலில் சண்டையிடக் கற்றுக்கொள் என்று சொன்ன காவலர் ஜோ மார்ட்டின் அவரது முதல் பயிற்சியாளரானார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அந்த இளைஞர் தங்கம் வென்றார். 1964 பிப்ரவரி 25 அன்று, வெல்ல முடியாதவராகக் கருதப்பட்ட சோனி லிஸ்டனை மயாமி பீச்சில் வீழ்த்தி, 22 வயதில் உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அதையடுத்து, இஸ்லாமைத் தழுவியதை வெளிப்படையாக அறிவித்து, முகமது அலி என்ற பெயரை ஏற்றார்.

1967 ஏப்ரல் 28 அன்று, வியட்நாம் போருக்காக இராணுவத்தில் சேர மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது. ஐந்தாண்டுச் சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டின் காரணமாகச் சிறை செல்லாவிட்டாலும், உடல்வலிமையின் உச்சத்தில் இருந்த மூன்றரை ஆண்டுகள் களம் இறங்க முடியாமல் போனது. 1971 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

1974 அக்டோபர் 30 அன்று, ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் ஜார்ஜ் ஃபோர்மனை எட்டாவது சுற்றில் வீழ்த்திப் பட்டத்தை மீட்டார். அடுத்த ஆண்டு மணிலாவில் ஜோ ஃப்ரேசியருடன் 14 சுற்றுகள் மோதினார். 1978-இல் லியோன் ஸ்பிங்க்ஸிடம் பட்டத்தை இழந்து, அதே ஆண்டில் அவரிடமிருந்தே மீண்டும் பெற்று, மூன்றாம் முறை உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். மொத்தம் 61 சண்டைகள், 56 வெற்றிகள், 5 தோல்விகள் என்பது அவரது தொழில்முறைக் கணக்கு.

எச்சரிக்கைகள் எப்போது எழுந்தன?

நோய் 1984-இல் உறுதி செய்யப்பட்டாலும், அபாய அறிகுறிகள் முன்னரே தென்பட்டன. 1977 செப்டம்பரில், கடுமையான குத்துகளுக்குப் பெயர் பெற்ற எர்னி ஷேவர்ஸுடன் அலி 15 சுற்றுகள் மோதினார். வென்றபோதும் வாங்கிய அடி அதிகம். நீண்ட காலமாக அவரது குழுவில் மருத்துவராக இருந்த ஃபெர்டி பச்சேகோ, அலியின் சிறுநீரகங்கள் பழுதடைந்து வருவதைக் காட்டும் ஆய்வக அறிக்கையை அலிக்கும் அவருக்கு நெருக்கமானவர்களுக்கும் அனுப்பினார். பதில் வரவில்லை. பச்சேகோ குழுவிலிருந்து விலகினார்.

அலியின் பேச்சும் மாறிக்கொண்டிருந்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவரது பழைய பேட்டிகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் முடிவுகளை வெளியிட்டனர். 1968-க்கும் 1981-க்கும் இடையே அவரது பேச்சின் வேகம் சுமார் 26 விழுக்காடு குறைந்திருந்தது. எதிராளியைக் களத்தில் சந்திப்பதற்கு முன்பே சொற்களால் வீழ்த்தியவர் அவர். அந்தச் சொற்கள் 30 வயதுகளிலேயே தளரத் தொடங்கியிருந்தன என்பதை இந்த ஆய்வு எண்களில் காட்டியது.

1979-இல் ஓய்வை அறிவித்த அலி, அடுத்த ஆண்டே களத்துக்குத் திரும்பினார். 1980 அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸில், ஒரு காலத்தில் தமக்குப் பயிற்சித் துணையாக இருந்த லாரி ஹோம்ஸை எதிர்கொண்டார். 38 வயது அலியால் பதிலடி கொடுக்கவே இயலவில்லை. பத்தாவது சுற்று முடிந்ததும் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ சண்டையை நிறுத்தினார். அத்துடனும் அலி ஓயவில்லை. 1981 டிசம்பர் 11 அன்று பஹாமாஸ் தீவில் ட்ரெவர் பெர்பிக்குடன் மோதித் தோற்றார். அதுவே கடைசிச் சண்டை.

சென்னை கண்ட அலி

தமிழ்நாட்டுக்கும் அலிக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் இந்தியாவுக்கு வந்தார். டெல்லியில் பிரதமர் இந்திரா காந்தியைச் சந்தித்தார். அப்போது மெட்ராஸ் என்று வழங்கிய சென்னைக்கும் வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் கலந்துகொண்டார். முதலமைச்சராக இருந்த எம்.ஜி.ஆர். அந்நிகழ்ச்சியில் பங்கேற்றார். மூத்த ரசிகர்கள் பலரின் நினைவில் நிற்பது அந்த அலி: கூட்டத்தைச் சிரிக்கவைத்து, கால்களை மாற்றி மாற்றி ஆடிக் காட்டிய அலி.

எல்லிஸும் சாதாரண வீரர் அல்லர். அலியின் பட்டம் பறிக்கப்பட்டிருந்த காலத்தில், உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தவர். லூயிவில் நகரில் அலியுடன் வளர்ந்தவர். பிற்காலத்தில் அவரும் நினைவாற்றலை இழந்து, மறதி நோயுடன் 2014-இல் காலமானார். சென்னையில் அன்று ஒன்றாகக் களத்தில் நின்ற இரு முன்னாள் சாம்பியன்களும் மூளை நோயால் பாதிக்கப்பட்டவர்களாகவே தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தனர்.

பார்க்கின்சன் நோய் என்றால் என்ன?

1984 செப்டம்பரில், நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் நடந்த பரிசோதனைகளுக்குப் பின் அலிக்குப் பார்க்கின்சன் நோயின் அறிகுறிகள் இருப்பது அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 42.

தமிழில் நடுக்குவாதம் என்று அழைக்கப்படும் இந்நோயை 1817-இல் ஆங்கிலேய மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் முதன்முதலில் விரிவாகப் பதிவு செய்தார். நடுமூளையின் ஒரு பகுதியில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிகின்றன. உடலின் இயக்கங்களைச் சீராக நடத்த டோபமைன் தேவை. அது குறையும்போது கை நடுக்கம், தசை இறுக்கம், மெதுவான அசைவு, தடுமாறும் நடை ஆகியவை தோன்றுகின்றன. குரல் தணிந்து முணுமுணுப்பாகிறது. முகத் தசைகள் இறுகுவதால் முகமூடி அணிந்தாற்போன்ற தோற்றம் ஏற்படுகிறது.

இந்தக் கடைசி அறிகுறியே பெரும் தவறான புரிதலுக்கு இடமளிக்கிறது. முகத்தில் உணர்ச்சி தெரியாததாலும், பதில் வரத் தாமதமாவதாலும், நோயாளிக்கு எதுவும் புரியவில்லை என்று சுற்றியிருப்போர் முடிவு கட்டிவிடுகின்றனர். நோய் முற்றும்போது நினைவாற்றல் பாதிக்கப்படுவதும் உண்டு. ஆனால் பல ஆண்டுகள் வரை சிந்தனைத் தெளிவு குன்றாமல் இருப்போரும் பலர். அலியின் குடும்பத்தினரும் நண்பர்களும் திரும்பத் திரும்ப வலியுறுத்தியதும் இதைத்தான். குரல் தேய்ந்த பிறகும் அவர் விருந்தினர்களுக்குச் சிறு மாயாஜால வித்தைகள் செய்து காட்டுவார். பிறரை ஏமாற்றுவது தமது மார்க்கத்துக்கு ஒவ்வாது என்பதால், வித்தையின் ரகசியத்தையும் உடனே விளக்கிவிடுவார்.

இந்நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. லெவோடோபா என்ற மருந்து மூளையில் டோபமைனாக மாறி அறிகுறிகளைக் குறைக்கிறது. மருந்தின் வீரியம் இருக்கும் நேரத்தில் ஓரளவு இயல்பாக நடமாடும் நோயாளி, அது தணிந்ததும் அசைய முடியாமல் போகலாம். ஒரே மனிதர் ஒரு நிகழ்ச்சியில் சிரித்துப் பேசுபவராகவும், மற்றொன்றில் சிலைபோல் அமர்ந்திருப்பவராகவும் காணப்படுவதற்கு இதுவே காரணம். 2019-இல் உலகெங்கும் 85 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது.

குத்துச்சண்டைதான் காரணமா?

அலியைப் பற்றி மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இது. எளிய விடை இல்லை. தலையில் மீண்டும் மீண்டும் அடிபடுவது மூளையைப் பாதிக்கும் என்பதில் மருத்துவ உலகில் ஐயமில்லை. தலைக்காயங்கள் பார்க்கின்சன் நோய் வரும் வாய்ப்பை அதிகரிக்கின்றன என்பதற்கும் சான்றுகள் உள்ளன. குத்துச்சண்டை வீரர்களிடையே காணப்படும் மூளைச் சிதைவு நோய் 1920-களிலேயே மருத்துவ இதழ்களில் விவரிக்கப்பட்டது.

எனினும் அலியின் நோய் அவ்வகையைச் சேர்ந்ததா என்பதில் கருத்து வேறுபாடு நீடித்தது. 2022-இல் ‘ஜாமா நியூராலஜி’ மருத்துவ இதழில், அவரைப் பரிசோதித்த நரம்பியல் மருத்துவர்கள் பல ஆண்டுக்கால மருத்துவப் பதிவுகளின் அடிப்படையில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இளம் வயதில் தொடங்கி மெதுவாக வளர்ந்தது, ஒரு பக்கத்தில் நடுக்கம் அதிகமாக இருந்தது, லெவோடோபா மருந்துக்கு உடல் நன்கு இணங்கியது ஆகியவை வழக்கமான பார்க்கின்சன் நோயின் இயல்புகள் என்று அவர்கள் சுட்டிக்காட்டினர். அடிகளால் மட்டுமே உண்டான பாதிப்பு என்ற பரவலான நம்பிக்கையை இது வலுவிழக்கச் செய்தது.

ஆனால் குத்துகள் நோயை விரைவுபடுத்தவில்லை என்றோ, அவரது உடல்நிலையில் அவற்றுக்குப் பங்கே இல்லை என்றோ இதற்குப் பொருள் கொள்ள முடியாது. ஒரு நோய் உள்ளுக்குள் தொடங்கிவிட்ட காலத்திலும் அவர் களத்தில் இறங்கி அடி வாங்கினார் என்பதே நிகழ்ந்தது. அவரைத் தடுக்கும் நிலையில் இருந்த பலர் தடுக்கவில்லை.

பாக்தாத் பயணம்

நோயை அறிந்த பின்னும் அலி வீட்டுக்குள் அடைந்துகிடக்கவில்லை. அவற்றில் மிகத் துணிச்சலானது 1990-ஆம் ஆண்டின் பயணம். அந்த ஆண்டு ஆகஸ்டில் குவைத்தை ஆக்கிரமித்த ஈராக், வெளிநாட்டவர் பலரைப் பிணைக்கைதிகளாகத் தடுத்து வைத்தது. நவம்பரில் அலி பாக்தாத் சென்றார். அமெரிக்க அரசு வட்டாரங்கள் இந்தத் தனிப்பட்ட முயற்சியை விரும்பவில்லை. நோயால் தளர்ந்த ஒருவரைச் சதாம் உசேன் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்வார் என்ற விமர்சனமும் எழுந்தது.

சந்திப்புக்காகப் பல நாட்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் மருந்து தீர்ந்துபோனதால் பேசுவதற்கே சிரமப்பட்டார். ஆயினும் பாக்தாத்தின் தெருக்களிலும் பள்ளிவாசல்களிலும் மக்களைச் சந்தித்தார். இறுதியில் சதாமுடன் பேச்சு நடந்தது. டிசம்பர் தொடக்கத்தில் 15 அமெரிக்கர்கள் அலியுடன் விடுதலை பெற்று வெளியேறினர். மற்றப் பிணைக்கைதிகளும் அம்மாதத்திலேயே விடுவிக்கப்பட்டனர் என்பதால், அலியின் பங்கு எவ்வளவு என்பது விவாதத்துக்குரியதாக இருக்கலாம். அந்த 15 குடும்பங்களுக்கு அந்த விவாதம் தேவைப்படவில்லை.

அட்லாண்டா எதை மாற்றியது?

இருப்பினும் 1990-களின் முற்பகுதியில் தொலைக்காட்சிப் பேட்டிகளை அலி பெரும்பாலும் தவிர்த்தார். நடுங்கும் கையையும் குழறும் பேச்சையும் கேமராக்கள் நெருங்கிக் காட்டுவது அவருக்குச் சங்கடமாக இருந்தது.

அட்லாண்டாவில் தீபம் ஏற்ற அலியை அழைக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தவர் என்.பி.சி. தொலைக்காட்சியின் விளையாட்டுப் பிரிவுத் தலைவர் டிக் எபர்சால். ஒலிம்பிக் அமைப்புக் குழுத் தலைவர் பில்லி பெய்ன் தொடக்கத்தில் தயங்கினார். இராணுவத்தில் சேர மறுத்தவர் என்ற நினைவு அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அப்போதும் மறையவில்லை. நீண்ட ஆலோசனைக்குப் பிறகே உடன்பாடு எட்டப்பட்டது.

29 ஆண்டுகளுக்கு முன் பட்டத்தைப் பறித்த அதே நாடு, தனது மண்ணில் நடந்த விழாவின் மிக உயர்ந்த பொறுப்பை அவரிடம் கொடுத்தது. அதுவும் அவர் வலிமையோடு இருந்தபோது அன்று, நடுங்கியபடி நின்றபோது. தொலைந்துபோன ரோம் ஒலிம்பிக் பதக்கத்துக்குப் பதிலாக, அதே அட்லாண்டா போட்டிகளின்போது சர்வதேச ஒலிம்பிக் குழுத் தலைவர் ஹுவான் அந்தோனியோ சமராஞ்ச் புதிய பதக்கம் ஒன்றை அவருக்கு அணிவித்தார்.

தொடக்க விழா முடிந்த இரவில், தீப்பந்தத்தைக் கையில் வைத்தபடி அலி நெடுநேரம் உறங்காமல் அமர்ந்திருந்தார் என்று அவருக்கு நெருக்கமானவர்கள் பின்னர் நினைவுகூர்ந்தனர். தமது நோயுற்ற தோற்றத்தைக் கண்டும் மக்கள் முகம் சுளிக்கவில்லை என்பதை அன்று அவர் உணர்ந்தார். அதன் பின்னர் அவர் பொதுவெளிக்கு வரத் தயங்கவில்லை.

அடுத்த 20 ஆண்டுகள்

1997-இல், கின்ஷாசா சண்டை குறித்த ‘வென் வீ வேர் கிங்ஸ்’ ஆவணப்படம் ஆஸ்கர் விருது பெற்றது. படக்குழுவினருடன் அலியும் மேடையேறினார். படிகளில் ஏற அவருக்குக் கைகொடுத்தவர், 23 ஆண்டுகளுக்கு முன் அவரிடம் வீழ்ந்த ஜார்ஜ் ஃபோர்மன்.

1998-இல் ஐக்கிய நாடுகள் சபை அவரை அமைதித் தூதராக நியமித்தது. 2002-இல் அந்தப் பொறுப்பில் ஆப்கானிஸ்தானின் காபூல் சென்று குழந்தைகளைச் சந்தித்தார். 2001 செப்டம்பர் 11 தாக்குதல்களைத் தொடர்ந்து நடந்த நிதி திரட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றி, இஸ்லாம் அமைதியின் மார்க்கம் என்று தளர்ந்த குரலில் எடுத்துரைத்தார். 2005 நவம்பரில் அமெரிக்காவின் மிக உயரிய குடிமக்கள் விருதை அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அவருக்கு வழங்கினார். விளையாட்டாகக் குத்துச்சண்டைக்கு அழைப்பதுபோல் புஷ் கைகளை உயர்த்தியபோது, அலி தமது தலையருகே விரலைச் சுழற்றி, உமக்குப் பைத்தியமா என்று சைகை காட்டினார். அவை சிரிப்பில் ஆழ்ந்தது. பேச்சு நின்றபோதும் நகைச்சுவை நிற்கவில்லை.

2012 ஜூலை 27 அன்று லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில், ஒலிம்பிக் கொடியுடன் தொடர்புடைய சிறப்பு விருந்தினர்களுள் ஒருவராக அலி வந்தார். கொடியைச் சுமந்து நடக்கும் வலிமை அவருக்கு இல்லை. மனைவி லோனி தாங்கிப் பிடிக்க, எழுந்து நின்று கொடியைத் தொட்டார். அட்லாண்டாவில் தனியே நின்றவர், 16 ஆண்டுகளில் எவ்வளவு தளர்ந்துவிட்டார் என்பதை உலகம் கண்டது.

இத்தோற்றங்கள் எல்லாவற்றிலும் உடன் இருந்தவர் லோனி. லூயிவில் நகரில் அலியின் அண்டை வீட்டில் வளர்ந்தவர். 1986-இல் அலியை மணந்தார். மருந்து வேளைகளைக் கவனிப்பது, பயணங்களைத் திட்டமிடுவது, கணவரின் முணுமுணுப்பைப் பிறருக்குப் புரியவைப்பது ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பாயின. நோயாளி மேடையில் தோன்றும் சில நிமிடங்களுக்குப் பின்னால் பராமரிப்பவரின் முழுநேர உழைப்பு இருக்கிறது என்பதற்கு அவரது வாழ்வு சான்று.

விமர்சனங்கள் என்ன?

அனைவரும் இத்தோற்றங்களைப் பாராட்டவில்லை. வலுவிழந்த ஒருவரைக் காட்சிப் பொருளாக்குகிறார்கள் என்று சிலர் வருந்தினர். பேச முடியாத நிலையில் இருப்பவர், தாம் எங்கே அழைத்துச் செல்லப்பட வேண்டும் என்பதை உண்மையிலேயே தாமே தீர்மானிக்கிறாரா என்ற கேள்வியும் எழுந்தது. 2006-இல் அவரது பெயர், உருவம் ஆகியவற்றின் வணிக உரிமையில் 80 விழுக்காடு 5 கோடி டாலருக்கு ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதன் பின்னர் இந்த ஐயம் மேலும் கூடியது.

மற்றொரு விமர்சனம் நுட்பமானது. 1960-களில் அமெரிக்காவின் இனவெறியையும் போரையும் எதிர்த்துப் பேசிய அலியைப் பலர் வெறுத்தனர். அவர் மௌனமான பிறகு எல்லோரும் அவரைக் கொண்டாடினர். நோய் அவரது குரலைப் பறித்ததால்தான் நாடு அவரை எளிதாக ஏற்றுக்கொண்டது என்பது இவ்விமர்சனத்தின் சாரம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அலி முற்றிலும் மௌனமாகிவிடவும் இல்லை. 2015 டிசம்பரில், முஸ்லிம்கள் அமெரிக்காவுக்குள் நுழையத் தடை விதிக்கும் யோசனை தேர்தல் பரப்புரையில் எழுந்தபோது, இஸ்லாமைத் தம் சொந்த நலனுக்காகப் பயன்படுத்துவோரை எதிர்த்து அவர் அறிக்கை வெளியிட்டார். வன்முறையில் ஈடுபடுவோரையும் அதே அறிக்கையில் கண்டித்தார்.

தீராத ஒரு கணக்கு

அலியின் மரபில் கறைகளும் உண்டு. அவற்றுள் முதன்மையானது ஜோ ஃப்ரேசியரை நடத்திய விதம். பட்டத்தை இழந்து களத்துக்கு வெளியே இருந்த காலத்தில் ஃப்ரேசியர் அவருக்கு உதவினார். ஆனால் சண்டைகளுக்கு முன் அலி அவரைக் குரங்கு என்று இழித்துரைத்தார். வெள்ளையரின் கையாள் என்றும் பழித்தார். அந்தக் காயம் ஃப்ரேசியர் மனத்தில் ஆறவில்லை. அட்லாண்டாவில் அலி தீபம் ஏற்றியதைக் கண்டபோதும் அவர் கசப்பான சொற்களையே உதிர்த்தார்.

2001-இல் நாளிதழ் ஒன்றுக்கு அளித்த பேட்டியில், சண்டைச் சூட்டில் சொல்லக்கூடாதவற்றைச் சொல்லிவிட்டதாகக் கூறி அலி வருத்தம் தெரிவித்தார். 2011 நவம்பரில் ஃப்ரேசியர் புற்றுநோயால் இறந்தார். ஃபிலடெல்ஃபியாவில் நடந்த இறுதி நிகழ்ச்சிக்கு, நடப்பதற்கே துணை தேவைப்பட்ட அலி வந்தார். மறைந்தவரைக் கைதட்டிப் போற்றுமாறு அவையோர் கேட்டுக்கொள்ளப்பட்டபோது, மெல்ல எழுந்து நின்று கைதட்டினார்.

எஞ்சி நிற்பது என்ன?

அலியின் தோற்றங்கள் வெறும் உணர்ச்சிகர நினைவுகளாக முடிந்துவிடவில்லை. 1997-இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் அவரது பெயரில் பார்க்கின்சன் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சிகிச்சையுடன் உடற்பயிற்சி, பேச்சுப் பயிற்சி, பராமரிப்போருக்கான வழிகாட்டுதல் ஆகியவை அங்கு அளிக்கப்படுகின்றன. 2002-இல் அலியும், இதே நோயால் பாதிக்கப்பட்ட நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸும் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் தோன்றி, ஆராய்ச்சிக்குக் கூடுதல் நிதி ஒதுக்கக் கோரினர். 2005-இல் லூயிவில் நகரில் அவரது வாழ்வையும் கொள்கைகளையும் விளக்கும் முகமது அலி மையம் திறக்கப்பட்டது.

2000-இல் அமெரிக்காவில் முகமது அலி குத்துச்சண்டைச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. இளம் வீரர்களை நியாயமற்ற ஒப்பந்தங்களில் சிக்கவைப்பதையும், போட்டி நடத்துவோரும் மேலாளர்களும் ஒரே கையாக இயங்குவதையும் அது தடுக்கிறது. ஆயினும் அது முதன்மையாகப் பணம் சார்ந்த பாதுகாப்பு. தலையில் விழும் அடியைப் பற்றிய கேள்வியை அது தீர்க்கவில்லை. பட்டப் போட்டிகள் 15 சுற்றுகளிலிருந்து 12 ஆகக் குறைந்ததற்குக் காரணம், 1982-இல் தென்கொரிய வீரர் கிம் டுக் கூ களத்தில் வாங்கிய அடியால் இறந்தது. ஓய்வு பெற வேண்டிய வீரரை யார், எப்போது தடுப்பது என்பது குத்துச்சண்டையில் இன்றும் சிக்கலான கேள்வியே.

நடுக்கமுள்ள முதியவரைத் திருமணங்களுக்கும் விழாக்களுக்கும் அழைத்துச் செல்லத் தயங்கும் குடும்பங்கள் எங்கும் உண்டு. கை நடுங்கி உணவு சிந்திவிடுமோ, நாலு பேர் பார்ப்பார்களோ என்ற கூச்சம் நோயாளியை விடவும் சுற்றத்தாரையே அதிகம் ஆட்கொள்கிறது. அத்தகையோருக்கு அலி உரை எதுவும் ஆற்றவில்லை. உலகம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தபோது கை நடுங்க நின்றார், அவ்வளவே.

இறுதி நாட்கள்

2016 ஏப்ரல் 9 அன்று, பார்க்கின்சன் சிகிச்சைக்கு நிதி திரட்ட ஃபீனிக்ஸில் ஆண்டுதோறும் நடைபெற்றுவந்த நிகழ்ச்சியில் அலி கலந்துகொண்டார். கறுப்புக் கண்ணாடி அணிந்து அமைதியாக அமர்ந்திருந்தார். அதுவே அவர் கடைசியாகப் பொதுவெளியில் தோன்றிய நிகழ்வு. ஜூன் 3 அன்று, இரத்தத்தில் தொற்று பரவியதால் ஏற்பட்ட அதிர்ச்சி நிலையால், அரிசோனா மருத்துவமனையில் தமது 74-ஆவது வயதில் காலமானார்.

இறுதிச் சடங்கு எவ்வாறு நடக்க வேண்டும் என்பதை அவரும் குடும்பத்தினரும் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருந்தனர். பொதுமக்கள் எவரும் விலக்கப்படக் கூடாது என்பது அதில் முக்கியமான விருப்பம். ஜூன் 10 அன்று லூயிவில் நகரின் தெருக்கள் வழியே ஊர்வலம் சென்றது. மிதிவண்டியைத் தொலைத்த சிறுவன் வளர்ந்த வீட்டின் முன்னும் அது மெல்லக் கடந்தது. சாலையின் இருமருங்கும் திரண்டவர்கள் ஊர்தியின் மீது மலர்களை வீசினர். ஓடி வந்து கண்ணாடியைத் தொட்டனர். நினைவுக் கூட்டத்துக்கான அனுமதிச் சீட்டுகள் பொதுமக்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டு, ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துபோயின.